2 கினி முதல் 15 கினி வரை

தம்பி வீட்டு ஊஞ்சல் பலகைக்குப் பாலிஷ் போட ஆசாரி வந்திருந்தார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூடமெல்லாம் நெடி. தம்பி மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க எழுந்தாள். "இருக்கட்டும்மா, நல்லாத்தானே இருக்கு" என்றேன். லண்டன் போய்ப் போய் நாத்தனாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்த நெடியில் இங்கிலாந்தின் ஒரு தோட்டக் கோடியில் இருக்கும் பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. என் பழைய கிதார் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேதான் வைத்தியத்துக்குப் படுத்துக் கிடந்தது.

அந்தக் கிதாரைப் பற்றிச் சொல்வதென்றால் புரசைவாக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் வீணை வாசிப்பவர்கள். அத்தைகள் வாசித்தார்கள், எனக்கும் வீணைதான் என்று யாரும் கேட்காமலே முடிவாகியிருந்தது. அந்தச் சமயத்தில் 'பயணங்கள் முடிவதில்லை' வந்து, தெருவெல்லாம் 'இளைய நிலா' ஒலித்தது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதார் ஆர். சந்திரசேகர் வாசித்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எனக்கு வீணை வேண்டாம், அது வேண்டும். அப்பா அசையவில்லை. இளையராஜாவே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்று யாரோ அவர் காதில் போட்ட பிறகுதான் இறங்கிவந்தார். எங்கள் வீட்டில் பரீட்சை என்று சொன்னால் எந்தக் கதவும் திறக்கும்.

மாஸ்டர் பெரம்பூரில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். ஒரு காலத்தில் சனிக்கிழமை ராத்திரி நடனங்களுக்கு விடிய விடிய வாசித்தவர். கற்றுக்கொடுப்பதில் மட்டும் கறார். "சினிமா பாட்டு ஒன் வீட்ல வச்சுக்கோ. இங்க சோர், கார்காசி, கருல்லி. புரிஞ்சுதா கேர்ள்?" வேகமாக வாசித்துத் தடுமாறினால் கோபிக்க மாட்டார். "ஏன் ஓடறே? ட்ரெயின் கெளம்பிடுச்சா?" என்பார்.

வீட்டில்தான் பிரச்சினை. கிளாசிக்கல் கிதாருக்கென்று ஓர் உட்காரும் முறை உண்டு. இடது காலைச் சின்ன முக்காலிமேல் தூக்கி வைத்து, தொடை மடிப்பில் கிதாரைப் பொருத்தி, வலது காலைத் தள்ளி வைக்க வேண்டும். பாவாடை தாவணியில் அப்படி உட்கார்ந்த பேத்தியைப் பார்த்துப் பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதிலும் காலுக்கடியில் நான் வைத்திருந்தது அவளுடைய சாப்பாட்டு மணை. அடுத்த பஞ்சாயத்து நகம். இடது கை நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்ட வேண்டும்; வலது கை நகங்களை வளர்த்து, அரம்போட்டு வழவழப்பாக்க வேண்டும். "ஒரு கை மனுஷி, ஒரு கை பேயா?" என்றாள் பாட்டி. சாதம் பிசையும்போது நகத்துக்குள் போகும் என்ற அவளுடைய வாதத்துக்கு மாஸ்டரிடமும் பதில் இல்லை. "ஸ்பூன்ல சாப்டு" என்றார்.

கிதார், கல்கத்தாவிலிருந்து வந்த மலிவுச் சரக்கு. கழுத்து வில்லாக வளைந்து, தந்தி மெட்டுக்கு மேலே எம்பி நிற்கும். அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். நைலான் தந்தி அறுந்தால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது வரும்வரை ஐந்து தந்தியோடு ஓட்டுவோம். பரீட்சைப் புத்தகம் வாங்க அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போவோம். 1842ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. லண்டனிலிருந்து பரீட்சகர் ஒருவர் வந்து, குளிரூட்டிய அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைகள் விரலைத் தொடையில் தட்டிக்கொண்டே இருப்போம்.

மாஸ்டருக்கு உயிரான ஓர் உருப்படி, பெர்னாண்டோ சோர் எழுதிய பி மைனர் பயிற்சி. அவருடைய முப்பத்தைந்தாம் தொகுப்பில் இருபத்திரண்டாவது. பார்த்தால் சின்னக் குழந்தை வாசிப்பது. ஆனால் இரண்டாம் மெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் என் கட்டைவிரல் அடி மரத்துவிடும். "கையி வளரும், அப்ப வரும்" என்பார். கை வளரவில்லை. கல்யாணம் வந்தது, லண்டன் வந்தது, வேலை, பிள்ளைகள். மாஸ்டரும் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பெரம்பூரின் பாதி அப்படித்தான் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போனது.

பிள்ளைகள் பெரியவர்களாகி வீடு சத்தமில்லாமல் ஆனபிறகு மறுபடி கிதாரை எடுத்தேன். இந்த முறை நல்ல ஸ்பானியக் கிதாராகவே வாங்கினேன். அதன் பின்பலகை நம்ம ஊர் ஈட்டி மரம். அறுபதுகளின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே விடுவதை நிறுத்தியதும் ஸ்பெயின்காரர்களும் அமெரிக்கர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் திரும்பினார்கள். ஆக, ஸ்பெயின் என்று நான் ஆசைப்பட்டு வாங்கியதில் பாதி நீலகிரிப் பக்கத்து மரம். நல்ல கிதார்தான். ஆனால் பி மைனர் பயிற்சி அதிலும் பழைய பகையோடுதான் இருந்தது.

அப்படியிருக்கும்போது ஓர் ஏல அட்டவணையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். லூயி பனோர்மோ, லண்டன், 1830கள்.

பனோர்மோ குடும்பம் சிசிலியிலிருந்து வந்தது. அப்பா வின்சென்சோ வயலின் செய்வதில் பெயர்பெற்றவர். லூயி 1784ல் பாரிஸில் பிறந்து, லண்டனில் கிதார் பட்டறை நடத்தியவர். அந்தக் காலத்து ஐரோப்பியக் கிதார்களில் பெரும்பாலும் மேற்பலகைக்கு அடியில் ஏணிப்படியாகக் குறுக்குச் சட்டங்கள்தான் இருக்கும். ஸ்பெயினில் மட்டும் சில பட்டறைகள் சட்டங்களை விசிறியாக விரித்து ஒட்டின. 1815ல் லண்டனுக்கு வந்து சில வருஷங்கள் தங்கிய சோர்தான் அந்த முறையை இங்கே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தான் சொன்னபடி ஜே. பனோர்மோ லண்டனில் சில கிதார்கள் செய்தார் என்று 1830ல் வந்த தன் பயிற்சி நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஜே. என்பவர் லூயியின் அண்ணன் ஜோசப். அண்ணன் கற்றதைத் தம்பி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் வாயில் நாளெல்லாம் புரண்ட சோரின் கை பட்ட பரம்பரை என்று தெரிந்தபின் எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று.

ஏலத்துக்கு முன்னால் சரக்கைப் பார்வையிட விடுவார்கள். அங்கே போகும்போது எனக்கு மூர் மார்க்கெட் ஞாபகம் வந்தது. 1985ல் எரிந்துபோவதற்கு முன்னால் அப்பா என்னை ஞாயிறுதோறும் அங்கே கூட்டிப்போவார். வேண்டிய புத்தகத்தை அவர் தொடவே மாட்டார். பக்கத்திலிருக்கும் வேண்டாத புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, வைத்துவிட்டு நகர்வார். நாலடி போய்த் திரும்பி, "சரி, அது என்ன விலை?" என்பார், ஏதோ கடைக்காரருக்கு உபகாரம் பண்ணுவதுபோல. நானும் முதலில் ஒரு மாண்டலினைப் பார்த்தேன். பிறகு ஓர் அக்கார்டியன். அக்கார்டியனைப் பற்றி ஊழியரிடம் இரண்டு கேள்விகூடக் கேட்டேன். அப்புறம்தான் அந்தக் கறுப்பு மரப்பெட்டி.

மூடியைத் திறந்ததும் நடிப்பெல்லாம் போய்விட்டது. அவ்வளவு சின்னக் கிதார். கீழ் வயிற்றின் அகலம் ஓர் அடிக்கும் குறைவு. தேன் நிறமாகிப்போன ஸ்புரூஸ் மேற்பலகை, நீளவாக்கில் இரண்டு விரிசல், ஒன்று யாரோ பழைய காலத்தில் அடைத்தது. தலையில் பேக்கர் என்பவர் செய்த பித்தளைத் திருகாணிகள், இலைக்கொடி செதுக்கிய தகட்டோடு. தந்திகளைக் குதிரையில் முடிச்சுப்போட்டுக் கட்டாமல், துளைக்குள் விட்டுக் குட்டி முளைகளால் இறுக்கியிருந்தார்கள். கையோடு கொண்டுபோன பல் டாக்டர் கண்ணாடியையும் டார்ச்சையும் துளை வழியே விட்டுப் பார்த்தேன். விசிறிச் சட்டங்கள் அத்தனையும் இருந்தன. பின்பலகையில் பழுப்பேறிய லேபிள். ஸ்பானிய முறையில் கிதார் செய்யும் ஒரே ஆள் தான்தான் என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. 46, ஹை ஸ்ட்ரீட், புளூம்ஸ்பரி என்று விலாசம். எல்லாவிதக் கிதார்களும் 2 கினி முதல் 15 கினி வரை என்று விலை. மையில் எழுதிய வருஷத்தில் கடைசி எண் மட்டும் மங்கிவிட்டிருந்தது.

லேபிளில் விலைப்பட்டியல் ஒட்டிய மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. தங்கசாலைத் தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

வீட்டில் ஒரு தொகை பேசி முடிவு செய்திருந்தோம். ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய கார் வாங்கலாம் அதில். ஏலக்காரர் என்ன கூவினாலும் அதற்குமேல் ஒரு பவுன்கூடக் கிடையாது என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஏலத் தொகைக்கு மேல் கமிஷன் உண்டு என்பதை அவரிடம் நானும் நினைவுபடுத்தவில்லை. அறையில் பத்துப் பேர்கூட இல்லை. எதிரிகள் எல்லாம் தொலைபேசியில். கண்ணில் படாத ஒருவர் ஏற்றிக்கொண்டே வந்தார். எண் அட்டையைத் தூக்கும் கையைத் தொடைமேல் அழுத்தி வைத்திருந்தேன், நடுங்குவது தெரியாமலிருக்க. எங்கள் வரம்புக்கு ஒரு படி கீழே அந்த ஆள் நின்றுவிட்டார். சுத்தியல் விழுந்து, அடுத்த சரக்காக ஒரு டிரம்பெட்டைக் காட்டத் தொடங்கினார்கள். எனக்குக் கொஞ்சநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

பாதாள ரயிலில் பெட்டியை மடியில் நிற்கவைத்துக்கொண்டு ஹாரோ வீட்டுக்கு வந்தேன். கறுப்புச் சாயம், பித்தளைக் கொக்கி, தோள் அகன்று கால் குறுகிய வடிவம். எதிர் சீட்டுக்காரர் ஒருவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனார். வாட்ஸப்பில் அம்மாவிடம் காட்டியபோது, "வாசல் வழியாவா கொண்டு வந்தே?" என்றாள்.

ரிப்பேர் செய்பவர் அதிகம் பேசாத ஆங்கிலேயர். முதல் கட்டளை, சுருதி ஏற்றாதே. முன்பிருந்தவர் கட்டியிருந்த நைலான் தந்திகளை அவரே தளர்த்திவிட்டார். பட்டறை மூலையில் ஒரு சின்னப் பானை வெந்நீரில் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது: வச்சிரம். எங்கள் தெருக்கோடி ஆசாரி, செங்கல் அடுப்பில் தகர டப்பாவில் காய்ச்சுவாரே, தோலும் எலும்பும் வெந்த அந்த நாற்றம். இப்போது நம் ஊரில் யாரும் காய்ச்சுவதாகத் தெரியவில்லை. வெள்ளைப் பசை பாட்டிலில் வந்துவிட்டது. பழைய வாத்தியத்துக்கு ஏன் இன்னமும் வச்சிரம் என்று கேட்டேன். சூட்டிலும் ஈரத்திலும் விட்டுக்கொடுக்கும் பசை அது. கிதாரை அடுத்து யார் திறந்தாலும் மரம் பிய்யாமல் திறக்கலாம் என்றார். மேற்பூச்சு அரக்குதான் என்றும் சொன்னார். அரக்கு எங்கள் நாட்டுப் பூச்சி கொடுப்பது என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு, "தெரியும்" என்று மட்டும் பதில் வந்தது.

விரிசல்களுக்கு உள்ளிருந்து சின்னச் சின்ன மரத்துண்டு ஒட்டி, தூக்கிக்கொண்டிருந்த ஒரு சட்டத்தைப் படியவைத்தார். மெட்டுப் பலகையை என்னிடம் காட்டி, "இதைப் பார்" என்றார். முதல் மூன்று மெட்டுகளுக்கு இடையில் கருங்காலி குழிந்திருந்தது. ஐந்துக்கு மேல் புத்தம் புதுசு. இதை வைத்திருந்தவர் தொடக்கப் பாடங்களைத் தாண்டவே இல்லை!

அந்தக் காலத்து லண்டனில் கிதார் வீட்டுப் பெண்கள் வாத்தியம். 1830களில் கேதரினா பெல்ட்சர் என்ற சிறுமி மேடையேறிப் பெயர் வாங்கினாள். பிற்பாடு மேடம் சிட்னி பிராட்டன் என்ற பெயரில் பிரபு குடும்பப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் ஆசிரியை. விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ்கூட அவரிடம் கற்றவர். குழிந்த மெட்டுப் பலகைக்குக் காரணமும் ஒரு பெண் பிள்ளைதான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஆதாரம் கிடையாது. பரீட்சைக்கு இரண்டு பாட்டு பழகி, கல்யாணம் ஆனதும் பெட்டியை மூடியவள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

அந்த நாளில் தந்தி ஆட்டுக் குடல். தடித்த தந்திகளுக்குப் பட்டு நூல்மேல் உலோகம் சுற்றியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் குடலெல்லாம் காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானை வைத்துத் தந்தி செய்தார். மெட்ராஸில் நாங்கள் ஏங்கிக் கிடந்த தந்தி அதன் வாரிசு. என் பனோர்மோவுக்குக் குடல் குணமுள்ள செயற்கைத் தந்தி போதும் என்று ரிப்பேர்காரர் சொன்னார். அம்மாவுக்கு நிம்மதி. சுருதியும் அரை ஸ்வரம் கீழே.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை முதலில் வாசித்தது அந்த பி மைனர் பயிற்சி. வாசித்தேன் என்பதைவிட, அது பாட்டுக்குப் போயிற்று. தந்தி நீளம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு, கழுத்து ஒடுக்கம், இழுவிசை பாதியோ என்று தோன்றும் இளக்கம். குறுக்கே படுத்த விரல் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒலி பெரிதல்ல, ஓர் அறைக்குப் போதும், அடுத்த அறைக்குக் கேட்காது. தொட்டதும் பேசிவிட்டு உடனே அடங்கிவிடும். அதனால் மேல் ஸ்வரமும் கீழ் ஸ்வரமும் ஒன்றன்மேல் ஒன்று வழியாமல், தனித்தனியாக நடந்தன. மாஸ்டர் "பேஸை விடு, பேஸை விடு" என்று என் மணிக்கட்டைப் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தது எதற்கென்று அன்றுதான் காதால் தெரிந்தது. அவரிடமும் இப்படி ஒரு கிதார் இருந்ததில்லை. எங்கள் பரீட்சைப் புத்தகத்து சோரும் கார்காசியும் ஜூலியானியும் எழுதியதெல்லாம் இந்த அளவுப் பெட்டிக்கு. நாங்கள் பிடித்துக்கொண்டு மல்லாடிய பெரிய வடிவம் ஸ்பெயினில் அன்டோனியோ டி தோரஸ் பின்னால் வகுத்தது. 1862ல் அவர் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையிலேயே செய்து, ஒலியெல்லாம் மேற்பலகையில் என்று நிரூபித்த கிதார் இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே 1862ல்தான், கடையை விட்டு நியூசிலாந்து போன லூயி பனோர்மோ ஆக்லாந்தில் இறந்தார்.

சோரின் பயிற்சி நூலைத் தேடிப் படித்தபோது இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, அவர் நகத்தால் மீட்டுவதை விரும்பாதவர், விரல் சதைதான். அவருடைய நண்பர் அகுவாடோதான் நகக்கட்சி. இரண்டாவது, முக்காலிமேல் காலைத் தூக்கி வைக்கும் பேச்சே அதில் இல்லை. கிதாரின் ஒரு பக்கத்தை மேஜை விளிம்பில் சார்த்திக்கொண்டு ஒழுங்காக உட்காரச் சொல்கிறார். பாட்டி இருந்திருந்தால் சோரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்திருப்பாள்.

லேபிள் விலாசத்தையும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். புளூம்ஸ்பரி ஹை ஸ்ட்ரீட் இப்போது செயின்ட் ஜைல்ஸ் ஹை ஸ்ட்ரீட். சென்டர் பாயின்ட் கட்டடம் வானத்தை மறைக்கிறது. பட்டறையின் சுவடு ஒன்றும் கிடையாது. ஆனால் பக்கத்துச் சந்துதான் டென்மார்க் ஸ்ட்ரீட். மின்கிதார்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு கடையில் நுழைந்து, இந்தப் பேட்டையில் 1830களிலேயே கிதார் விற்றார்கள் தெரியுமா என்றேன். தலைநிறையப் பச்சைக்கலர் அடித்த பையன், "என்ன மாடல்?" என்று கேட்டான்.

தம்பி மகன் இப்போது டிரினிட்டி பரீட்சைக்குத் தயாராகிறான். அவன் பட்டியலிலும் சோர் இருக்கிறார். அவனும் பாதிப் பக்கத்தில் கையை உதறுகிறான். அந்தக் கிதாரை ஒரு மார்கழிக்கு எடுத்துவா அத்தை என்கிறான். நடக்கிற காரியமில்லை. பின்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992லிருந்து அது சர்வதேசக் காப்புப் பட்டியலின் உச்சத்தில் இருக்கும் மரம். எல்லை தாண்ட வேண்டுமானால் கட்டுக்கட்டாகக் காகிதம் வேண்டும். காகிதம் கிடைத்தாலும் மெட்ராஸ் ஈரக்காற்றில் வச்சிரம் என்ன செய்யுமோ. அதனால் கோடை விடுமுறைக்கு அவனையே வரச்சொல்லிவிட்டேன். விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அவன் அம்மாவிடம் ஸ்வெட்டர் எடுத்துவைக்கச் சொன்னேன். அவனிடம், விமானம் ஏறுவதற்கு முன்னால் வலது கை நகத்தை வெட்டிக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்கிறான்.